முத்தம்மா பெயரில் ஒரு சலுகை டிக்கெட்

விமான டிக்கெட்டைப் பற்றி பெங்களூர் மர்பி டவுனில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் காந்தாவைத்தான் கேட்பார்கள். காந்தா விமானத்தில் ஏறியவள் இல்லை. பெங்களூர் விமான நிலையத்தில் பயணிகள் புறப்படும் கூடத்தைத் துடைப்பவள். பதினாறு வருஷமாகத் துடைக்கிறாள். துடைப்பவளுக்கு என்ன தெரியும் என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் ஒருநாள் அந்தக் கூடத்தில் வந்து நிற்க வேண்டும். எடை கூடிப்போன பெட்டியைத் தரையில் திறந்து போட்டுக்கொண்டு, மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொள்ளும் மாப்பிள்ளைகளையும், ஊறுகாய் ஜாடியைக் குப்பைத் தொட்டியில் போட மனசு வராமல் கையில் வைத்துக்கொண்டு அழும் அம்மாக்களையும் அங்கே பார்க்கலாம். அவ்வளவும் குறைந்த விலை டிக்கெட் செய்யும் வேலை.

"டிக்கெட் வெலைய பாக்காத. உன் வூட்டு வாசல்லேந்து அவங்க வூட்டு வாசல் வரைக்கும் இன்னா ஆவுதுன்னு பாரு" என்பாள் காந்தா. "பெட்டிக்குத் துட்டு, சீட்டுக்குத் துட்டு, தண்ணிக்குத் துட்டு. நாள மாத்தணும்னா டிக்கெட்டே போச்சு. கடைசில கூட்டிப் பாத்தா பெரிய கம்பெனி டிக்கெட்டும் இதுவும் ஒண்ணுதான். சில சமயம் அதுவே கம்மி." இதைக் கேட்டு எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள். சொன்னவள்தான் மாட்டிக்கொண்டாள். அந்தக் கதைதான் இது.

காந்தாவுக்கு ஒரே அக்கா, முத்தம்மா. இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் கோவிந்தராஜனைக் கட்டிக்கொண்டு அந்தமானுக்குப் போனாள். அவருக்குப் போர்ட் பிளேர் துறைமுகத்தில் வேலை. போன இடத்தில் மாமியார் பெயரும் முத்தம்மா! மாமியார் பெயரைச் சொல்லி மருமகளை அதட்ட முடியுமா? வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து புதுப்பெண்ணுக்கு வள்ளியம்மா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். செய்தி மர்பி டவுனுக்கு வந்தபோது அம்மா ஆடித் தீர்த்துவிட்டாள். "நான் பெத்தேன், நான் பேரு வெச்சேன். அத மாத்த அவ யாரு?" அன்றோடு சரி, அந்தப் புதுப் பெயர் இந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை. அம்மாவுக்கும் காந்தாவுக்கும் அவள் முத்தம்மாதான்.

அக்கா ஊருக்கு வந்தது இரண்டே தடவை. இரண்டும் கப்பலில்தான். பதினொரு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது வர முடியவில்லை. கப்பல் நான்கு நாள் கழித்துத்தான் இருந்தது. அன்றைய விமான டிக்கெட் பத்தொன்பதாயிரம். கோவிந்தராஜன் மாமா தெருவெல்லாம் கேட்டுப் பார்த்தார், பணம் புரளவில்லை. கல்பள்ளி இடுகாட்டில் அம்மாவைப் புதைக்கும்போது, காந்தா யாரோ ஒருவருடைய செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் அக்கா அழுதாள், இந்தப் பக்கம் மண் விழுந்தது. அந்தச் சத்தம் அக்காவுக்குக் கேட்டிருக்குமா என்று காந்தா இன்றைக்கும் நினைத்து நினைத்து மனம் நோவாள்.

சர்க்கரை வந்து அக்காவின் வலது கண் போய்விட்டது. போன தீபாவளிக்கு இடது கண்ணையும் பார்த்த டாக்டர், அதுவும் ஆறு மாசம், மிஞ்சினால் ஒரு வருஷம்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டார்.

"செல்லுல உன் மூஞ்சி தெரியலடி. கலங்கின தண்ணி மாதிரி இருக்குது" என்றாள் அக்கா. "வெளிச்சத்துல கிட்ட வந்தா தெரியும். கண்ணு போறதுக்குள்ள உன்ன ஒரு தடவ பாக்கணும். நம்ம வூட்ட பாக்கணும். அம்மாவ வெச்ச எடத்த பாக்கணும். அப்புறம் போனா போவுது, கண்ணுதானே."

காந்தா போனை வைத்துவிட்டு, புத்தர் படத்துக்குக் கீழே சுருண்டு உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தினம் அவள் கண்முன்னாலேயே நூறு விமானம் கிளம்பிப் போகிறது. போர்ட் பிளேர் என்று பலகையில் எழுத்து மினுங்கும்போதெல்லாம் அவள் கை துடைப்பத்தோடு நின்றுவிடும். வரிசையில் நிற்பவர்களில் யாராவது அக்கா இருக்கும் தெருப் பக்கம் போவார்களா என்று முகம் முகமாகப் பார்ப்பாள். அந்தப் பார்வையைப் பார்த்துப் பார்த்துத்தான் மமதா அவளுக்குச் சிநேகிதி ஆனாள்.

மமதா பெரிய கம்பெனி ஒன்றின் கவுண்டரில் இருப்பவள். தாவணகெரெப் பக்கத்துப் பெண், கன்னடம் கலந்த தமிழ் பேசுவாள். ஜனவரியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு அறையில் இருவரும் மமதாவின் போனில் குனிந்து கிடந்தார்கள். காந்தா போவதற்கு ஒரு சீட்டு. திரும்பி வர அவளுக்கும் அக்காவுக்குமாக இரண்டு. ஆக மூன்று. மமதாவின் கம்பெனியில் ஒரு சீட்டு ஏழாயிரத்து அறுநூறு. பெட்டி, சாப்பாடு எல்லாம் சேர்த்தி. தப்பு நடந்தால் திருத்தலாம், வேண்டாமென்றால் பணம் பெரும்பாலும் திரும்பும். இன்னொரு கம்பெனியில் சலுகை விலை, மூவாயிரத்துத் தொள்ளாயிரம். ஏழு கிலோ கைப்பை மட்டும். காந்தாவிடம் இருந்தது போனஸ் பணம் பதின்மூன்றாயிரம்.

"இது வேண்டா காந்தம்மா" என்றாள் மமதா. "ஏதாவது தப்பாச்சுன்னா ஒன்னுமே மாத்தக்கே ஆகல்ல. நீங்களே எல்லாருக்கும் சொல்றீங்கல்லா?"

"ஊருக்குத்தான் சொல்வேன். எனக்கு மூணு சீட்டு வேணும்மா. பெரிய கம்பெனில போனா நான் மட்டும் போய் அவள பாத்துட்டு வரலாம். அவள யாரு கூட்டிட்டு வருவா?"

மமதா பெருமூச்சு விட்டுவிட்டு, "அக்கா பேரு சொல்லி. ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே ஹேளி" என்றாள்.

"முத்தம்மா" என்றாள் காந்தா. அந்தப் பெயரை ஒரு டிக்கெட்டில் பார்க்க அவளுக்கு இருபத்தெட்டு வருஷமாக ஆசை. அவள் யோசிக்கவே இல்லை.

பிறகு அவளுடைய கவலையெல்லாம் எடையில்தான். அவரைக்காய் பருவம். அக்காவுக்குப் பிதுக்குப் பருப்புக் குழம்பு என்றால் உயிர். தீவில் அது கிடைக்காது. இரண்டு நாள் அவரைக்கொட்டையை ஊறவைத்து, விரல் நோகத் தோலைப் பிதுக்கி எடுத்தாள் காந்தா. பழைய பேப்பர் கடைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போய்த் தராசுக் கொக்கியில் மாட்டினாள். ஏழு கிலோ முன்னூறு. தன்னுடைய ஒரு புடவையை எடுத்து வெளியே போட்டாள். ஆறு கிலோ தொள்ளாயிரம்! பதினாறு வருஷம் கற்ற பாடம் வீண்போகுமா? அவளைக் கவுண்டரில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மமதா தன் இடத்தைவிட்டு ஓடிவந்து, சன்னல் பக்கத்துச் சீட்டு வாங்கிக் கொடுத்துக் கையாட்டினாள்.

போர்ட் பிளேரில் நான்கு நாள். அக்கா ஒருநாள்கூடச் சும்மா இருக்கவில்லை. சமையல்கட்டின் இருட்டில் தடவித் தடவி மீன் வறுத்தாள். குழம்பில் பிதுக்குப் பருப்பைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டாள். அக்கம்பக்கத்தவர் வந்து, "வள்ளியக்கா, தங்கச்சி வந்துட்டாங்களா?" என்று கேட்டார்கள். அப்போதாவது காந்தாவுக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. வள்ளியக்கா என்று யாரோ யாரையோ கூப்பிடுவதாகத்தான் அவள் காதில் விழுந்தது.

ஐந்தாம் நாள் காலை விமான நிலைய வாசலில் உறைத்தது. காவலுக்கு நின்றவர் காந்தாவின் டிக்கெட்டைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், தலையாட்டினார். அக்காவின் டிக்கெட்டைப் பார்த்தார். ஆதாரைப் பார்த்தார். மறுபடி டிக்கெட்டைப் பார்த்தார்.

"இதில் முத்தம்மா. இதில் வள்ளியம்மா. யார் இவர்?" என்று இந்தியில் கேட்டார்.

"ரெண்டும் நான்தான் சாமி" என்றாள் அக்கா.

இப்படி எத்தனை பேரை வாசலிலேயே திருப்பி அனுப்பியதைக் காந்தா பார்த்திருக்கிறாள்! பார்த்துவிட்டு, "பேரக்கூட ஒழுங்கா பாக்காம வர்றாங்க பாரு" என்று முனகிக்கொண்டே துடைத்திருக்கிறாள். கம்பெனி சன்னலுக்கு ஓடினாள். உள்ளே இருந்த பெண் நல்ல பெண்தான், பொறுமையாகத்தான் பேசினாள். சலுகை டிக்கெட்டில் எதையும் மாற்ற முடியாது, பணமும் திரும்பாது, புது டிக்கெட் வேண்டுமானால் இன்றைய விலை பதினேழாயிரத்து நானூறு.

அம்மா செத்த அன்றைக்குக் கேட்ட மாதிரியே ஒரு விலை. காந்தா தலையில் அடித்துக்கொண்டாள். "என் புத்திய செருப்பால அடிக்கணும்! மமதா படிச்சுப் படிச்சுக் கேட்டாளே! ஊருக்கெல்லாம் சொன்னேனே! எனக்குன்னு வந்தப்ப எங்க போச்சு?"

"நீ போடி" என்றாள் அக்கா. அவள் முகத்தில் அழுகை இல்லை. அதைத்தான் காந்தாவால் தாங்க முடியவில்லை. "உன் டிக்கெட்டு சரியா இருக்குதில்ல. வேலைக்குப் போவணும் நீ. உன்ன பாத்துட்டேன், அது போதும்."

போதுமாம்! காந்தா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்தாள். உள்ளே ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காந்தா திரும்பி நடந்து வந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

"மாமா, கப்பல் எப்போ?"

கோவிந்தராஜன் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆனாலும் துறைமுகத்தில் அவருக்கு ஆள் இருந்தது. மறுநாள் சென்னைக்குக் கிளம்பும் கப்பலில், அடித்தளத்தில் இரண்டு படுக்கை கிடைத்தது. காந்தாவிடம் மிச்சம் இருந்த காசு அதற்குச் சரியாகப் போனது. அவளுடைய சூப்பர்வைசர் மஞ்சுநாத்துக்குப் போன் போட்டாள்.

"கப்பலா?" என்று அவர் கத்தியது அக்காவுக்கே கேட்டது. "ஏர்போர்ட்ல வேலை செஞ்சிட்டு கப்பல்ல பர்தீரா காந்தம்மா? சம்பளம் கட் ஆகும்!"

"ஆவட்டும் சார்" என்றாள் காந்தா.

முதல் நாள் அடித்தளத்தில் எண்ணெய் நாற்றமும் வாந்தியும். தலை தூக்க முடியவில்லை. இரண்டாம் நாள் மேல்தளத்துக்கு ஏறி வந்தார்கள். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில், எந்தப் பக்கம் பார்த்தாலும் வெளிச்சம். அக்கா அவளைக் கம்பி ஓரமாக உட்கார வைத்து, மோவாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இன்னாக்கா?"

"சும்மா இரு. வெயிலு உன் மேல வுழட்டும்."

அன்றைக்கெல்லாம் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். வரிசையாக ஒவ்வொன்றாக எடுத்துப் பேசவில்லை. வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டாள், யார் யார் வந்தார்கள், என்ன புடவை கட்டிவிட்டார்கள். அக்கா கேட்கக் கேட்கக் காந்தா சொன்னாள். போனில் பதினொரு வருஷமாகச் சொல்ல முடியாததெல்லாம் சொன்னாள். மண் விழுந்த சத்தம் கேட்டதா என்றும் கேட்டுவிட்டாள்.

"கேட்டுச்சு" என்றாள் அக்கா. "கேக்காம இருக்குமா?" இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். பக்கத்திலிருந்த ஒரு குடும்பம் எழுந்து நகர்ந்து போய் இடம் விட்டது.

"ஏரோப்ளேன்ல வந்திருந்தா எவ்ளோ நேரம்டி?" என்று சாயங்காலம் கேட்டாள் அக்கா.

"ரெண்டரை மணி நேரம்."

"அதுல இன்னாத்த பேசறது?"

நான்காம் நாள் காலையில், சென்னை தெரிகிறது என்று யாரோ சத்தம் போட்டார்கள். அதற்குள் ஒலிபெருக்கியில், துறையில் இடம் இல்லை, இன்னும் மூன்று மணி நேரம் கடலிலேயே நிற்க வேண்டும் என்று அறிவித்தார்கள். கப்பல் முழுக்க ஏச்சும் பேச்சும். எங்கே போனாலும் சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்றே இத்தனை வருஷம் ஏங்கிய காந்தாவுக்கு, அந்த மூன்று மணி நேரத்தை யாரும் குறைத்துவிடக் கூடாதே என்று இருந்தது.

அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு கரைப் பக்கம் முகத்தை வைத்திருந்தாள். கரை அவளுக்குத் தெரிய வழியில்லை.

"கல்யாணம் ஆகி நான் கப்பல் ஏறினப்ப அம்மா இங்கதான் வந்துச்சு, ஞாபகம் இருக்குதா? துறைமுகத்துக் கேட்டுக்கு வெளிய நிக்க வெச்சுட்டாங்க. கைல கூடைய வெச்சுகினு, வெயில்ல கண்ண சுருக்கிகினு பாத்துகினே இருந்துச்சு."

"இருக்குது. நானும் பக்கத்துலதானே நின்னேன்."

"அப்போ அம்மாவுக்கு உன் வயசுதாண்டி." அக்கா திரும்பி, மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணைக் காந்தாவின் முகத்துக்கு வெகு அருகில் கொண்டுவந்தாள். "முந்தாநேத்து வெயில்ல உன்ன ஒக்கார வெச்சப்பவே பாத்துட்டேன். அதே மூஞ்சி. அதே மாதிரி கண்ண சுருக்கற. சொன்னா அழுவியேன்னு சொல்லல."

காந்தா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கல்பள்ளிக்குப் போலாம், வூட்டுக்குப் போலாம், எல்லாம் போலாம்" என்றாள் அக்கா. "ஆனா நான் அம்மாவ பாத்துட்டேன். அன்னிக்குக் கேட்டுக்கு வெளிய நின்னுச்சு. இன்னிக்கு என்கூட கப்பல்ல வருது."