பியூலா டீச்சரின் லெந்து வெள்ளிக்கிழமை

இரும்புலியூர் பியூலா டீச்சருக்கு ஒரு வார்த்தை அகப்பட்டுவிட்டால் போதும், சோறு தண்ணி வேண்டாம். அது எங்கிருந்து புறப்பட்டது, வரும் வழியில் என்னென்ன ஆனது என்று குடைந்துகொண்டே இருப்பாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களையும் விடமாட்டாள். அந்த வாயால்தான் இரண்டு வரன்கள் தட்டிப்போயின என்பது அவளுடைய அம்மா சாராளுக்குத் தீராத மனக்குறை. முப்பதைத் தாண்டிய பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு எந்தத் தாய்க்குத் தூக்கம் வரும்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் மூன்றாவது வரன் வந்தது. சிட்லபாக்கத்து ஜீவரத்தினம், தந்தி ஆபீஸில் வேலை. அவனுக்கு லீவு கிடைத்த நாளாகப் பார்த்து, பெண் பார்க்க வரச் சொல்லிவிட்டார்கள். அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து காலத்து வெள்ளிக்கிழமை என்பது அவசரத்தில் இரு வீட்டாருக்கும் உறைக்கவில்லை. அந்த வெள்ளிகளில் விளக்கு வைக்கும்வரை உபவாசம் இருப்பது இரண்டு வீட்டிலும் வழக்கம்.

"இன்னிக்கு வாயைத் திறக்காதே. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு" என்று சாராள் மகளிடம் சத்தியம் வாங்காத குறைதான்.

சாயங்காலம் வந்தார்கள். வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவதாவது என்று சாராள் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள். வேண்டாமென்றால் பெண் வீட்டார் மனம் கோணுமே என்று மாப்பிள்ளையின் அம்மா ரத்தினபாய் தாங்கள் உபவாசம் என்று மூச்சுவிடவில்லை.

"நீங்களும் எடுத்துக்குங்க" என்றாள் ரத்தினபாய்.

"எங்களுக்கு இப்பத்தான் ஆச்சு" என்று சாராள் லெந்து நாளும் அதுவுமாகக் கூசாமல் பொய் சொன்னாள்.

ஜீவரத்தினம் பஜ்ஜியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் பரப்பினான். ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை. பியூலா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீங்களும் ஃபாஸ்டிங்கா?" என்று கேட்டேவிட்டாள்.

குட்டு உடைந்தது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பியூலா நிறுத்தியிருக்கலாம். எங்கே நிறுத்தினாள்?

"எனக்கு ரொம்ப நாள் சந்தேகம். வேகமா போற வண்டி ஃபாஸ்ட். சாயம் போகாம அப்படியே நிக்கிற சேலையும் ஃபாஸ்ட் கலர். ஓடுறதுக்கும் நிக்கிறதுக்கும் ஒரே வார்த்தையா? தேடிப் பார்த்தேன். பழைய இங்கிலீஷ்ல அதுக்கு உறுதின்னுதான் அர்த்தம். சாப்பிட மாட்டேன்னு உறுதியா இருக்கிறதுதான் உபவாசம். அதுல வேகம் எப்படி வந்து சேர்ந்துச்சுன்னா…"

சாராள் பலமாக இருமினாள். பியூலா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இதெல்லாம் தெரிஞ்சு என்னம்மா ஆகப்போகுது?" என்றாள் ரத்தினபாய்.

"ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. தெரிஞ்சா சந்தோஷமா இருக்கும்."

ரத்தினபாய் எழுந்துவிட்டாள். "கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்றாள். அப்படிச் சொல்லிப் போனவர்கள் எவர் திரும்பி வந்திருக்கிறார்கள்? சாராள் மகளை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் பியூலாவுக்குத் தாங்கவில்லை. அடுக்களையில் போய் நின்று அழுதாள். இனி ஜென்மத்துக்கும் யாரிடமும் வார்த்தைக் கதை பேசுவதில்லை என்று முடிவு கட்டினாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. ஜீவரத்தினம் வேர்க்க விறுவிறுக்கத் தனியாக நின்றான்.

"என்ன தம்பி, எதையாவது விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்று சாராள் பதறினாள்.

"இல்லீங்க. டீச்சர் பாதியில நிறுத்திட்டாங்க. உறுதி எப்படி வேகமாச்சுன்னு தெரியாம எனக்குச் சாப்பிடவே உட்கார முடியலை."

பியூலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "ஒருத்தர் பின்னாலேயே விடாப்பிடியா ஓடுறதுக்குத்தான் முதல்ல அப்படிச் சொல்லியிருக்காங்க. அப்புறம் விடாப்பிடி மறந்துபோச்சு, ஓட்டத்தோட வேகம் மட்டும் மிஞ்சிடுச்சு" என்றாள்.

ஜீவரத்தினம் அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தலையாட்டினான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறிப்போன பஜ்ஜியில் ஒன்றை எடுத்துக் கடித்தான்.

"அம்மா என்ன சொன்னாங்க தம்பி?" சாராள் மெல்லக் கேட்டாள்.

"இவ்வளவு பேசுற பொண்ணு வேண்டாம்னாங்க. பக்கத்துல உட்கார்ந்து காலம் முழுக்கக் கேட்கப்போறது நான்தானேன்னு சொல்லிட்டு வந்தேன்."