பாத்துக்கறேன்

கப்புக்குக் கைப்பிடி ஒட்டுகிற மேசையில் எனக்கும் அவளுக்கும் நடுவே மண்கூழ்க் கிண்ணம் ஒன்றுதான் இருந்தது. இருவரும் அதில்தான் விரலை நனைப்போம். எழுபதுகளின் தொடக்கம். விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் நான் சேர்ந்து நான்கு வருஷம் கழித்து வந்தவள் அவள். கருவேப்பிலங்குறிச்சிக்காரி என்றே எல்லோரும் கூப்பிட்டோம்.

எந்த வேலையைச் சொன்னாலும் அவள் வாயில் ஒரே சொல்தான்: "நான் பாத்துக்கறேங்க." அதே சொல்லை எங்கள் மேஸ்திரி சொன்னால், கேட்டதை மறந்துவிடப் போகிறார் என்று பொருள். என் வீட்டுக்காரர் தண்ணீர்ச் சண்டையில் எதிராளியிடம் "பாத்துக்கறேன்டா" என்றால் அது மிரட்டல். அவள் சொன்னாலோ, வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடலாம். உடம்பு முடியாதவளின் பங்கையும் சேர்த்து ஒட்டுவாள். மழை வந்தால் முற்றத்தில் கப்புகள் காயும் பலகைகளை முதல் ஆளாக உள்ளே தூக்குவாள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக இருக்கும். அவள் வருவதற்கு முன்பே நான்கு வருஷம் நானும்தான் வேலை செய்தேன். என்னை யார் பாராட்டினார்கள்?

மேசைக்கு ஒரு பொறுப்பாளரைப் போடப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. மூத்தவள் நான்தான். ஆனால் ஒரு காலையில் மேஸ்திரி எல்லோர் முன்னாலும், அவள் இல்லாவிட்டால் இந்த மேசையே ஓடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று மதியமே சேத்தியாத்தோப்பிலிருந்து அவளுக்கு ஆள் வந்தது. அங்கே அக்கா வீட்டில் இருந்த அவளுடைய அம்மாவுக்கு முடியவில்லையாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போது என்னிடம் வந்தாள்.

"அக்கா, மேல்தட்டுல ரெண்டு பலகை இன்னும் ஈரமா இருக்குது. இன்னிக்கு அடுக்க வேணாம்னு சூளைக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

"நான் பாத்துக்கறேன். நீ போ."

அது எந்த வகைப் பாத்துக்கறேன் என்று சொன்னபோது எனக்கே தெரியாது. சூளைக்காரர் வந்தார். பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போனார். மேல்தட்டில் அவர் கை வைத்தபோது நான் குனிந்து ஒரு கைப்பிடியை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே ஒட்டிய கைப்பிடிதான் அது.

சூளை திறந்த அன்று, ஈரத்தோடு நெருப்பில் போன அந்தக் கப்புகள் வெடித்துச் சிதறியிருந்தன. தெறித்த சில்லு பக்கத்தில் இருந்தவற்றையும் கெடுத்திருந்தது. ஊரிலிருந்து திரும்பியிருந்த அவளை மேஸ்திரி கூப்பிட்டார். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். நான் கிண்ணத்தில் விரலை நனைத்தேன். "ஏம் பொறுப்புலதாங்க இருந்துது, நான்தான் பாத்திருக்கணும்" என்றாள்.

அடுத்த மாதம் பொறுப்பு எனக்கு வந்தது.

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. என்னை அக்கா என்றே கூப்பிட்டாள், நான் சொன்ன வேலையை எல்லாம் எடுத்துச் செய்தாள். ஒன்றுதான் மாறியது. அதன் பிறகு அவள் எதையும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. தண்ணீர் குடிக்கப் போகும்போது தன் பலகையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கூட என்னிடம் கேட்டதில்லை.

இரண்டாவது பிரசவத்துக்கு அவள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாள் இன்றும் கண்ணில் நிற்கிறது. எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றே. வலியோடு வெளியே வந்தவள், மூத்த பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு என் வாசலைத் தாண்டினாள். "போயிட்டு வரேங்கக்கா" என்று சிரித்தாள். நான் பிள்ளையைப் பார்த்துக் கையை நீட்டினேன். அவள் நிற்கவில்லை. தெருக்கோடியில் இருந்த பட்டறை வாட்ச்மேன் வீடு வரைக்கும் நடந்துபோய், பிள்ளையை அவர் மனைவியிடம் விட்டாள்.

"இவனைப் பாத்துக்குங்கக்கா."

அந்தப் பெண் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நான் பார்த்து நின்றேன். அன்றைக்கு என் வயிறு எரிந்தது அந்தப் பெண்ணைப் பார்த்துத்தான்.