சந்திரனுக்குப் பாஸ் வேண்டாம்

மகளின் கொப்பியை அடுப்பில் வைத்தவள், ஓரம் கருகியதும் இழுத்துவிட்டேன். செவ்வாய்க் கிரகத்தில் சனங்கள் அரசனைத் துரத்தும் கதை எழுதியிருந்தாள். பள்ளிக்கூடத்துக்கு வள்ளம் ஏறும் இறங்குதுறையில், கடற்படையின் சோதனையில் அகப்பட்டால் இவளின் அப்பாவைத்தான் விசாரிப்பார்கள்.

கருகிய கடதாசி மணத்தில் எனக்கு மீண்டும் பன்னிரண்டு வயது. அன்று நான் எழுதியது சந்திரப் புரட்சி. மூவாயிரமாம் ஆண்டில், அனுமதிப் பாஸ் இல்லாமல் வள்ளம் ஏறவேண்டுமென்று சனங்கள் கிளர்ந்தெழுவார்கள். அம்மா அதை எரிக்கத்தான் எடுத்தார். ஆனால் முழுவதும் வாசித்தார்.

"சந்திரனிலை ஏதடி கடல்?" என்று பயத்திலும் சிரித்தார். "கடைசியிலை வெல்லுவினமோ?"

"ஓம் அம்மா."

"அப்ப சரி," என்று அடுப்பில் வைத்தார்.

இப்போது மகளிடம் கேட்டேன்: "உன்ரை சனம் வெல்லுமோ?"

"இன்னும் எழுதேல்லை அம்மா."

கருகிய ஓரத்தைக் கத்தரித்துக் கொப்பியை நீட்டினேன்.

"பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகாதை. வீட்டிலை இருந்து எழுது. எனக்கு முடிவு தெரியவேணும்."