வெள்ளி மானின் கழுத்தில் ஒரு கீறல்

போன மே மாதம் ஒரு சனிக்கிழமை, ஸ்காபரோவில் நான் இருக்கும் டோர்செட் பார்க்கிலிருந்து, கிழக்கே உள்ள விட்பி என்ற ஊருக்குப் போனேன். கையால் செய்த பழைய பாணித் துப்பாக்கி ஒன்றின் வெள்ளித் தகட்டுக்குக் கறுப்பேற்றுவதைப் பார்க்கத்தான் பயணம். அந்தத் தகட்டில் மானைச் செதுக்கியவள் நான். ஸ்காபரோவில் ஒரு நகைக்கடையில் காப்பிலும் பதக்கத்திலும் பெயர் வெட்டுவது என் தொழில். துப்பாக்கிக்கு வெட்டியது இதுவே முதல் தடவை.

காலை 8.10க்கு பஸ், 9.05க்கு ரயில், 9.36க்கு விட்பி. ரயிலுக்கு ஏழு டொலர் சொச்சம். நிலையத்திலிருந்து, அந்தத் துப்பாக்கியைச் செய்த ஜெயக்குமார் அண்ணை வீடு ஆறு கிலோமீற்றர். டாக்ஸிக்கு 17 டொலர். ஓட்டியவரும் நம்மவர். துப்பாக்கி செய்பவர் வீட்டுக்குப் போகிறேன் என்று சொன்னேன்.

"துவக்குச் செய்யிறவரோ? உது பயமில்லையோ, தங்கச்சி?"

"பழங்காலத்து மாதிரி, அண்ணை. குழல் வாயாலை வெடிமருந்து போட்டு இடிக்கிறது. கண்காட்சிக்குத்தான் கொண்டு போவினம்."

அவர் ரேடியோவைப் போட்டார்.

ஜெயக்குமார் அண்ணை வாரநாட்களில் தொழிற்சாலையில் இரும்பு கடைபவர். மற்ற நேரமெல்லாம் கராஜில்தான். மேப்பிள் மரக் கட்டை பொருத்திய துப்பாக்கி மேசையில் கிடந்தது. கட்டையின் பக்கவாட்டில் என் வெள்ளித் தகடு பதிந்திருந்தது. பளபளப்பில் மானைக் கண்டுபிடிக்கவே தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது. கறுப்பு எதற்கு என்று அப்போதே விளங்கியது.

கராஜ் கதவை முழுதாகத் திறந்துவிட்டு, கந்தக உப்புக் கட்டியை வெந்நீரில் கரைத்தார். அழுகிய முட்டை நாற்றம். மரத்தில் படாதபடி சுற்றிவர மெழுகு பூசி, சின்னத் தூரிகையால் தகட்டில் தடவினார். வெள்ளி பழுப்பாகி, ஊதாவாகி, கரிக்கட்டி போலானது. கழுவித் துடைத்து, மரத்துண்டில் சுற்றிய துணியால் நுரைக்கல் தூள் போட்டுத் தேய்த்தார். மேற்பரப்பு வெளுத்தது, வெட்டுக்குள் கறுப்பு நின்றது. கொம்பு வந்தது, காது வந்தது. அதோடு, கழுத்தைக் குறுக்கே கடந்து மயிரிழை போல் ஒரு கோடும் வந்தது.

உளி வழுக்கிய இடம் அது. அழுத்தித் தேய்த்து மறைத்துவிட்டதாக நினைத்து, ஒரு சொல்லும் சொல்லாமல் கொடுத்திருந்தேன்.

"இது நான் விட்ட பிழை, அண்ணை. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை? மரத்திலை பதிக்க முதல் சொல்லியிருக்கலாமெல்லே!"

காது சுட்டது. அண்ணை துப்பாக்கியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்து, "கீறலை ஒரு புல்லு மாதிரி வெட்டி விடுவமோ? ஆருக்கும் தெரியாது" என்றார்.

"வேண்டாம். வாங்கிற ஆள் வரட்டும், நானே சொல்லுறன்."

வாடிக்கையாளர், ஒரு வெள்ளைக்காரர், இரண்டு மணிக்கு வந்தார். காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, தகட்டுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். தன் மகளுக்கு அவள் கல்யாணத்துக்கு முன் கொடுக்க நினைத்த பரிசு என்றும், கீறல் வேண்டாம் என்றும் ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அவரை இருக்கச் சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் சுரண்டினேன். தகடு ஒரு மில்லிமீற்றர் தடிப்புத்தான். ஒவ்வொரு இழுப்புக்கும் மூச்சைப் பிடித்தேன். கழுத்து மயிரைத் திரும்பச் செதுக்கினேன். அண்ணை மறுபடி கறுப்பேற்றினார். கோடு இல்லை. வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் கழுத்தருகே மெல்லிய பள்ளம். அதையும் சொன்னேன். வாடிக்கையாளர் விரலால் தடவி, தலையாட்டி, எடுத்துக்கொண்டு போனார்.

4.40 ரயில் தவறிவிட்டது. அடுத்ததற்கு அரை மணி நேரம் நின்றேன்.

இப்படி ஒரு பட்டறைக்குப் போகிறவர்கள் முதலே கேட்டுக்கொண்டு போங்கள். பழைய உடுப்புப் போடுங்கள், வெள்ளி மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். அந்தக் கந்தக ஆவிக்கே கறுத்துவிடும். செதுக்குகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. இப்போது நான் எதைக் கொடுப்பதற்கு முன்பும் கறுப்பு மார்க்கர் பூசித் துடைத்துப் பார்க்கிறேன். வழுக்கல் இருந்தால் அன்றைக்கே போன் எடுத்துச் சொல்கிறேன். போன வாரம் அண்ணை அடுத்த தகட்டை அனுப்பியிருக்கிறார். இந்த முறை செதுக்க வேண்டியது வாத்து.