என் மகளின் ஊர் காணாமல் போன மாலை

போன செவ்வாய்க்கிழமை மாலை, என் மகள் படிக்கும் ஊர் காணாமல் போய்விட்டது. இன்னும் டைப் செய்தால் எழுத்துகள் இரண்டிரண்டாக விழுகின்றன... பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் நடுவயிற்றில் ஒரு குட்டி நகரம். ஒரு டயர் தொழிற்சாலை, ஒரு கல்லூரி, ஒரே ஒரு சிக்னல். பாதிப் பேருக்கு டயர் செய்யும் வேலை. மீதிப் பேருக்கு, டயர் செய்கிறவர்களுக்கு முடி வெட்டுவது, காபி ஊற்றுவது, பல் பிடுங்குவது.

அங்கே மெயின் ரோட்டு சலூன் போர்டுக்கு மேலே நகராட்சி ஒரு கேமரா வைத்திருக்கிறது. அரை நிமிடத்துக்கு ஒரு படம் இன்டர்நெட்டில் வரும். யார் பார்ப்பார்கள் என்று வைத்தார்களோ? நான் பார்க்கிறேன். பர் துபாயில் ஆபீஸ் முடிந்து நான் வீட்டுக்கு வரும்போது அங்கே விடிந்திருக்கும்.

முதல் நாள் படம் அப்படியே நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாய் நடந்து போனது.

எங்கள் கட்டடத்தின் கீழே துணிக்கடை வைத்திருக்கும் கீழக்கரை கனி பாய் ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், ஒரு ஆளையும் காணோம்? ஜும்ஆ தொழுகை நேரமா?"

"இதான் பாய் அங்க பீக் அவர்."

"யா அல்லா! புள்ளைய அங்கயா விட்டீங்க? விழுந்தா தூக்க ஆள் வேணாமா?"

அன்றே சட்டம் போட்டேன். காவ்யா தினமும் கல்லூரிக்குப் போகும்போது கேமராவைப் பார்த்துக் கையாட்ட வேண்டும்.

"அப்பா, ப்ளீஸ்... அவர் போர்டுக்கு டாட்டா காட்டுறேன்னு சலூன்காரர் நினைக்கிறார்."

"நினைக்கட்டும். அரை நிமிஷம் விடாம ஆட்டு. இல்லன்னா படத்துல விழாது."

அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். திரை முழுக்க வெள்ளை. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன் — வெள்ளை. மானிட்டரைத் துடைத்தேன் — பளிச்சென்று வெள்ளை. காவ்யாவின் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"பனி கொட்டியிருக்கும்," என்றாள் மனைவி. "அதுக்கு உங்க மூஞ்சி ஏன் அதே கலருக்குப் போகுது?"

என் கூச்சல் கேட்டுக் கனி பாய் ஓடி வந்தார். "ஊரே கலாஸா சார், முடிஞ்சு போச்சா?"

அப்போது படம் மாறியது. நடுவே ஒரு கறுப்புக் கோடு. அடுத்த படத்தில் ஒரு துடைப்பம். அடுத்ததில் மிகப் பெரிய இரண்டு மூக்குத் துவாரங்கள்!

சலூன்காரர். ஏணியில் நின்று கேமராவைப் பெருக்கிக்கொண்டிருந்தார். பின்னால் முழங்கால் பனியில் காவ்யா, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு. பக்கத்தில் அந்த நாய்.

உடனே போன் வந்தது. "செல்லை ரூம்லயே விட்டுட்டேன்ப்பா. இது சலூன் போன். இன்னைக்கு காலேஜ் லீவு. யாரும் வெளிய வராதீங்கன்னு டிவியில கத்துறாங்க. ஊரே கதவச் சாத்திட்டுப் படுத்திருக்கு."

"அப்புறம் நீ ஏம்மா வந்தே?"

"கையாட்டலன்னா நீங்க கவர்னரையே எழுப்பிடுவீங்களே! அதான், மாடியில தூங்கிட்டிருந்த சலூன்காரரை எழுப்பி ஏணி போட வச்சேன்."

கனி பாய் மெல்ல நழுவினார். மனைவி என்னையே பார்த்தாள்.

துப்பாக்கி, சூறாவளி, திருடன்... எதற்கெல்லாம் பயந்தேன்! கடைசியில் என் மகளைப் பனியில் இறக்கிவிட்ட ஒரே ஆபத்து, பர் துபாயில் டீ குடித்துக்கொண்டிருந்தது.

சட்டத்தை ரத்து செய்துவிட்டேன். காவ்யா இப்போது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் போகிறாள்.

சலூன்காரர்தான் தினமும் கையாட்டுகிறார். அரை நிமிடம், விடாமல்.