கண்டக்டர் விரல்

"ஏழு இருபது போவுது. நாலு நிமிசம் லேட்டு," என்கிறார் தங்கராஜ், இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. சன்னல் மூடித்தான் இருக்கிறது. ஆனால் செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகும் எந்தப் பேருந்தையும் ஹாரனை வைத்தே சொல்லிவிடுவார். ஓட்டுநர் யார், அவருக்கு இன்றைக்கு வீட்டில் சண்டையா சமாதானமா என்பது வரைக்கும். அந்தத் தடத்தில் இருபத்திரண்டு வருடம் தனியார் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர் சும்மாவா? இன்றைக்கும் காதில் ஒரு பேனா இருக்கும். சோறு எப்போது ஆகும் என்று கேட்கமாட்டார், "இன்னும் எத்தினி ஸ்டாப்பு?" என்றுதான் கேட்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வல்லம் நிறுத்தத்தில் விசில் ஊதக் கையைத் தூக்கினார், கை வரவில்லை. பக்கவாதம். கால் இழுத்துக்கொண்டாவது திரும்பி வந்தது. வலது கை மட்டும் மடியில் கிடப்பதோடு சரி. வாய்க்கு ஒரு குறைச்சலும் இல்லை. "அதுவும் பூட்டிருந்தா இவரு தாங்கிருக்கமாட்டாரு" என்பார் அவர் மனைவி ஜெயசுதா. செஞ்சியில் அரிசி ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறவர். ஆலைத் தூசியால் கண் எரிகிறது என்று திண்டிவனத்தில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனபோதுதான் சுவரில் அந்த அறிவிப்பைப் படித்தார். நோயாளிகளுக்குத் தொலைபேசியில் நேரம் குறித்துக் கொடுக்க ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம்.

கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே உள்ளே போய் மேலாளர் அனுவிடம் கேட்டுவிட்டார். "படிச்சிருக்காரு, வாய் இருக்குது, ஒரு கை இருக்குது. பத்தாதாம்மா?" தட்டச்சும் வேண்டாம், மௌசும் வேண்டாம், திரையை விரலால் தொட்டாலே போதும் என்று அனு சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தங்கராஜுக்கு வந்ததே கோபம்! "என்னக் கேக்காம ஊரான் வாசல்ல போய் என்னாத்துக்கு நின்ன?" இரண்டு நாள் பேச்சில்லை. சோற்றுக்குத் தட்டைத் தள்ளுவதோடு சரி. மூன்றாம் நாள் காலையில் அவரே கேட்டார்: "அந்தத் தொடற டிவி... எவ்ளோ பெருசு இருக்குமாம்?"

போன ஞாயிற்றுக்கிழமை அது வந்துவிட்டது. மருத்துவமனையின் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து விமல்ராஜ் அட்டைப்பெட்டியை பைக்கில் கட்டி எடுத்து வந்தார். மேசையைச் சுவரோரம் போட்டு, இடது கைக்கு எட்டும்படி திரையைச் சாய்த்து வைத்து, அதன் முதுகில் டிபன் பாக்ஸ் அளவு ஒரு பெட்டியை மாட்டினார்.

"இது தின் கிளையன்ட்ணா. இதுக்குள்ள ஒன்னும் இருக்காது. எல்லாம் ஆஸ்பத்திரி சர்வர்லதான் இருக்குது. கரண்டு போனாலும் நீங்க போட்ட அப்பாயின்ட்மென்ட் அங்க பத்திரமா இருக்கும்."

தங்கராஜ் கொஞ்சம் யோசித்தார். "புரிஞ்சிது. இது வெறும் டிக்கெட்டு. பஸ்ஸு அங்க நிக்குது."

பட்டதாரிகளுக்கே இதை அரை மணி நேரம் விளக்கிப் பழகியவர் விமல்ராஜ். சிரித்துக்கொண்டே வயரை மாட்டப் போனார். கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னார். இன்றைக்குப் பத்து அழைப்பு எடுக்க வேண்டும். அனு மேடம் திண்டிவனத்திலிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். "மூனு தப்பு ஆச்சுன்னா பெட்டியக் கட்டி இன்னொரு அட்ரஸுக்குக் கொண்டு போகச் சொல்லிருக்காங்கண்ணா. எனக்கே சங்கடமா இருக்குது."

"ஏத்தறதுக்கு முன்னாடி செக்கிங்குன்னு சொல்லு. பாத்துக்கலாம் தம்பி," என்றார் தங்கராஜ். சொன்னாரே தவிர, வேர்த்துவிட்டது.

முதல் அழைப்பு ஒரு பெண்மணி. மற்றவர்கள் என்றால் பெயர், வயது கேட்பார்கள். இவர் முதலில் கேட்டது: "எந்த ஊரும்மா? தீவனூரா? அப்ப ஒம்போதரை வேணாம், அடிச்சிப் புடிச்சி வரணும். பத்தேகால் போடறேன். அடுத்த பஸ்ஸுல உக்காந்தே வரலாம்." காதில் மாட்டிய ஹெட்போனில் அனு சிரித்தது கேட்டது. ஜெயசுதா அடுக்களையில் சத்தம் வராமல் பாத்திரத்தை வைத்தார்.

இரண்டாவது அழைப்பில்தான் சனி பிடித்தது. சனிக்கிழமையைத் தொட்டார், புதன்கிழமை பதிவானது. மூன்றாவது சரியாகப் போனது. நான்காவதில், எழுபது வயதுப் பெரியவரைத் திரை குழந்தைகள் பிரிவில் கொண்டுபோய் வைத்தது. இரண்டு தப்பு ஆயிற்று.

விமல்ராஜ் அனுவிடம் கால் மணி நேரம் கேட்டு வாங்கினார். வயரைக் கழற்றி மாட்டினார். அணைத்துப் போட்டார். தன் விரலால் தொட்டுப் பார்த்தார், சொன்னதைக் கேட்டது. "என் கைக்கு வேல செய்யுது. உங்க கைக்குச் செய்யலியேண்ணா," என்றார், எதையும் நினைக்காமல்.

தங்கராஜ் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டினார்.

"இதுவும் பூடுச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

வேலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். மிச்சமிருக்கும் ஒரு கையும் போய்விட்டால் சோற்றைக்கூட இன்னொருத்தர் ஊட்ட வேண்டும். அந்தப் பயம் வீடு முழுக்க வந்து உட்கார்ந்துகொண்டது. விமல்ராஜுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுக்களை வாசலில் நின்றிருந்த ஜெயசுதா ஒரு கணம் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "யோவ், கையில ஒன்னும் இல்ல. உன் நாக்குலதான் இருக்குது. நீ ஒவ்வொரு தபாவும் எச்சி தொட்டு வைக்கிறியே, தெரியுதா?"

அவருக்குத் தெரியவில்லை. கண்டக்டருக்கு விரல் என்றால் நாக்கில் ஒரு தரம் பட்டுத்தானே டிக்கெட்டுக்குப் போகும்? வலது கை செய்த வேலையைச் சொல்லிக்கொடுக்காமலே இடது கை கற்றுக்கொண்டிருக்கிறது. விமல்ராஜ் குனிந்து வெளிச்சத்தில் பார்த்தார். கண்ணாடி முழுக்க ஈரக் கோடுகள். திரை அதையும் ஒரு விரல் என்று எண்ணிக்கொண்டு கண்டதைத் தேர்ந்தெடுத்திருக்கிறது.

துணியால் துடைத்தாயிற்று. தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். தங்கராஜ் "எச்சி தொடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே நாக்கில் விரலை வைத்தார். மறுபடியும் வைத்தார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பேருந்துப் பழக்கமும் அதற்கு இளைத்ததில்லை. கால் மணியில் பத்து நிமிடம் போய்விட்டது.

ஜெயசுதா வெளியே போய் ஒரு கைப்பிடி வேப்பங்கொழுந்தோடு வந்தார். அம்மியில் வைத்து ஒரே நசுக்கு. அதைக் கணவரின் ஆள்காட்டி விரலில் அப்பி, காயவிட்டு, முந்தானையால் பச்சை போகத் துடைத்தார். கசப்பு மட்டும் விரலில் தங்கிவிட்டது.

"நம்ம பொண்ணு சுவாதிக்குத் தாய்ப்பால மறக்கடிக்க இதத்தான தடவினேன். மூனே நாள்ல மறந்தா."

"எனக்கு மூனு நாள் இல்லடி, அஞ்சு நிமிசம்தான் இருக்குது," என்றார் தங்கராஜ். விரலை மட்டும் அடக்கமாக நீட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்தாவது அழைப்பு வந்தது. விரல் நாக்குக்குப் போனது. முகம் எட்டுக் கோணலாகச் சுருங்கியது; குரல் மட்டும் தேனாக, "சொல்லுங்க ஐயா, எந்த ஊரு?" என்றது. விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டார். சனிக்கிழமை சனிக்கிழமையாகவே பதிவானது. விமல்ராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆறாவதிலும் ஒரு கசப்பு. ஏழாவதில் விரல் மோவாய் வரைக்கும் போய், நினைவு வந்து, இறங்கியது. எட்டிலும் ஒன்பதிலும் தப்பில்லை. பத்தாவது, மேல்சித்தாமூரிலிருந்து ஒரு விவசாயி. இரண்டு கண்ணிலும் புரை, துணைக்கு ஆள் இல்லை என்றார். எந்தப் பேருந்தில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், இறங்கி எந்தக் கைப்பக்கம் நடக்க வேண்டும் என்று தங்கராஜ் நிதானமாகச் சொல்லி, பதினொன்றரைக்குப் பதிவு செய்தார்.

ஹெட்போனில் அனு பேசினார். தங்கராஜ் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார். பிறகு ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நாளைக்கு ஒம்போது மணிக்கு ஆரம்பிக்கச் சொல்றாங்க."

விமல்ராஜ் காலி அட்டைப்பெட்டியை மடித்தார். "நல்லா இருப்பா. ஞாயித்துக்கெழம அதுவுமா எங்களுக்காகக் காத்து நின்ன. உன் புள்ளகுட்டிங்க நல்லா இருக்கணும்," என்றார் தங்கராஜ். இரண்டு வருடமாக வீட்டுக்குள் கிடந்த மனிதர் வாசல் வரைக்கும் காலை இழுத்து நடந்து வழியனுப்பினார்.

திரும்பி வந்தபோது ஜெயசுதா அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தார். தங்கராஜ் பக்கத்தில் போய் நின்றார்.

"நீ அன்னிக்கி அங்க போய்க் கேக்கலன்னா..." என்று தொடங்கினார்.

"அதுக்கு இன்னா இப்ப?" என்று ஜெயசுதா நிமிர்ந்தார்.

தங்கராஜ் இடது கையால் தன் வலது கையைத் தூக்கினார். நெஞ்சுவரை கொண்டுவந்து அணைத்துப் பிடித்து, மடங்கிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, மனைவியைக் கும்பிட்டார்.