தாழ்வாரத்து இரண்டாவது அடுப்பு

முத்துப்பேச்சி எங்க ஊட்டுக்கு வந்தது எண்பத்தஞ்சாம் வருசம், ஐப்பசி மழையில். நெருப்பெரிச்சல் ஊரில் பனியன் கம்பெனிக்குப் பிசிறு நூல் வெட்டப் போன இடத்தில் பழக்கம். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கலவரத்தில் புருசனைப் பறிகொடுத்துவிட்டுத் தோணியேறி வந்தவள். அகதி கேம்ப்பில் பதியாமல் வேலை தேடி நேராக இங்கே வந்துவிட்டாள். எங்க ஊட்டுக்காரர் போய்ச் சேர்ந்தாச்சு, மகளையும் வீரபாண்டியில் கட்டிக் கொடுத்தாச்சு. "வா, இங்கயே படுத்துக்க" என்றேன்.

அஞ்சு வருசம் ஒரே அடுப்பு. அவள் சொதி வைப்பாள். தேங்காய்ப்பாலை இப்படிக் கொட்டறியே என்று திட்டிக்கொண்டே ரெண்டு தரம் ஊற்றிக்கொள்வேன்.

பிறகு அவளுக்குக் கண் மங்கிப்போச்சு. பிசிறோடு துணியையும் சேர்த்து வெட்டிவிட்டாள். கம்பெனியில் வேலையை விட்டு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். என் ரேஷன் கார்டில் ஓர் ஆள் அரிசிதான்.

"உன் பேரையும் இதுலயே சேர்த்திடறேன் பேச்சி. தங்கச்சின்னு சொல்லிக்கலாம்."

"அங்க எங்களைக் கள்ளத்தோணின்னாங்க அக்கா. இங்க வந்து நிசமாவே கள்ளியாகச் சொல்றீங்களா? கார்டு என் பேர்ல கிடைக்கட்டும். இல்லைன்னா வேணாம்."

"பெரிய மகாராணி!" என்றேன்.

தனிச் சமையல் இருந்தால்தான் தனிக் கார்டு என்றான் ரேஷன் கடை சுப்பையன். "ஆபீசர் வந்து அடுப்பைப் பார்ப்பாருங்க. புது அடுப்புன்னா கண்டுபிடிச்சிருவாரு." மனுவும் அவனே எழுதிக் கொடுத்தான். நான் செம்மண் குழைத்துத் தாழ்வாரத்தில் அவளுக்கு அடுப்புப் போட்டேன். கரி ஏறட்டும் என்று ரெண்டு மாசம் அவள் அங்கே, நான் உள்ளே. நடுவில் ஒரு சுவர்தான். தனியென்றால் தனியாகத்தான் ஆக்கித் தின்னணும் என்று அவள் ஒரு கரண்டி குழம்பு வாங்கவுமில்லை, தரவுமில்லை. வாசம் மட்டும் வரும்.

ஆபீசர் வந்தார். நல்ல மனுசன்தான். அடுப்புப் பக்கம் போகவே இல்லை.

"முன்னால எந்தக் கார்டுல பேர் இருந்துச்சும்மா? பேர் நீக்கின சீட்டு வேணுமே."

"சீட்டெல்லாம் இல்லைங்க ஐயா. நான் சிலோன்."

"கேம்ப்புல பதிஞ்சிருக்கீங்களா?"

"இல்லைங்க."

பேனாவை மூடிவிட்டார். "அங்க போய்ப் பதிஞ்சா அரிசியும் மாசப் பணமும் உண்டு. வெளிய இருக்கறவங்களுக்கு என்னால எழுத முடியாதும்மா."

"ஏனுங்க, கேம்ப்புக்குள்ள இருந்தாத்தான் பசிக்குங்களா?" என்றேன் நான்.

அவர் கீழே பார்த்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

மறு வாரம் அவளைக் கேம்ப்புக்குப் பஸ் ஏற்றிவிட்டேன். அங்கே அடிக்கடி ஆள் கணக்கு எடுப்பார்களாம், நினைத்த நேரத்துக்கு வர முடியாதாம். ரெண்டு பொங்கல் போயிருச்சு.

"எதுக்கம்மா இந்த அடுப்பு? இடிச்சுட்டு ஆட்டைக் கட்டலாம்" என்கிறாள் மகள். மாட்டேன் போ என்றுவிட்டேன். சட்டம் மாறி அந்த ஆபீசர் மறுபடி வந்தாலும் வருவார். அப்போது அடுப்பு ஆறிக் கிடக்கலாமா? வெள்ளிக்கிழமையானால் அதில்தான் உலை வைக்கிறேன். போன வாரம் சொதியும் வைத்துப் பார்த்தேன். தேங்காய்ப்பால் திரிந்துபோச்சு. அதையே ஊற்றித் தின்றேன்.